ஷெரிப் அலுவலகத்தில் முக்கால் மணி நேரம்

கலிபோர்னியாவில், நெடுஞ்சாலை 99 ஓரமாக ஒரு பெட்ரோல் பங்க்கும் அதையொட்டி ஒரு சின்னக் கடையும் நடத்துகிறேன். இரவு பதினொரு மணிக்குக் கடையை அடைத்து, அன்றைய வசூலைப் பையில் போட்டு, வங்கி வாசலில் இருக்கும் பெட்டிக்குள் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போவது வழக்கம். துப்பாக்கியை வெளியே தெரியாமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போவதற்கான லைசென்ஸுக்கு 2024 பிப்ரவரியில் விண்ணப்பித்தேன். ஜூன் மாதம் நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். "உள்ளே என்ன கேட்டாங்க?" என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

நம் ஆட்களுக்கு முதலில் ஒரு விஷயம். கிரீன் கார்டோ குடியுரிமையோ இருந்தால் மேலே படியுங்கள். எச்1பி விசாவில் இருப்பவருக்குத் துப்பாக்கி வைத்திருப்பதையே அமெரிக்க ஒன்றியச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றை நம்பி இறங்கும் முன் வக்கீலைப் பாருங்கள். வயது 21 ஆகியிருக்க வேண்டும். குடியிருக்கும் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் மாதிரி) காவல் தலைவரான ஷெரிப்பிடம் விண்ணப்பிப்பதுதான் வழக்கம். சில ஊர்களில் நகரக் காவல் துறையும் வாங்கிக்கொள்ளும்.

ஊரில் என் தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. பன்றி வந்து பயிரை அழிக்கிறது என்று எழுதிக்கொடுத்து, கலெக்டர் ஆபீஸுக்கு நடையாய் நடந்து வாங்கிய லைசென்ஸ். தேர்தல் வந்தால் போதும், அதைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு ரசீதை மடியில் முடிந்துகொண்டு வருவார். "ஏன் வேண்டும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் துப்பாக்கி கிடையாது என்பதுதான் எனக்குத் தெரிந்த உலகம். கலிபோர்னியாவும் கிட்டத்தட்ட அப்படித்தான் இருந்தது. தக்க காரணம் காட்ட வேண்டும், அது போதுமா போதாதா என்பது ஷெரிப்பின் விருப்பம். 2022 ஜூன் 23 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் புரூயன் வழக்கில், தனித் தேவையை நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்று தீர்ப்பளித்தது. அது நியூயார்க் சட்டத்தைப் பற்றிய வழக்கு. ஆனால் இங்கேயும் காரணம் கேட்கும் நிபந்தனை விழுந்துவிட்டது. அதற்குப் பதிலாக 2024 ஜனவரி 1 முதல் எஸ்.பி. 2 (செனட் மசோதா 2) என்ற கலிபோர்னியாச் சட்டம் வந்தது. காரணத்தை விட்டுவிட்டு இப்போது ஆளைப் பார்க்கிறார்கள். முதல் முறை விண்ணப்பிப்பவருக்கு நேரில் நேர்காணல் கட்டாயமானது இந்தச் சட்டத்தால்தான்.

இது புரியாமல்தான் நான் போனேன். எங்கள் ஏரியாவில் நடந்த திருட்டு, பக்கத்துக் கடையில் கண்ணாடி உடைத்தது என்று ஒரு பெரிய உரையையே மனப்பாடம் செய்திருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண் டெபுடி, அதாவது ஷெரிப்பின் கீழ் வேலை பார்க்கும் அதிகாரி. "எதற்காக விண்ணப்பித்தீர்கள்?" என்று கேட்டார். நான் ஆரம்பித்தேன். இரண்டு நிமிடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. "ராத்திரியில் தனியாகப் பணம் எடுத்துக்கொண்டு போகிறேன், பாதுகாப்புக்கு" என்று முடித்தேன். அந்த ஒரு வரியை மட்டும் எழுதிக்கொண்டார். நீங்களும் ஒரு வரியே சொல்லுங்கள். வீர வசனம் வேண்டாம். அவர்கள் பயப்படுவதே வீர வசனம் பேசுகிறவர்களைப் பார்த்துத்தான்.

காகித வேலையில் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது பெயரில். என் பள்ளிச் சான்றிதழில் இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக நிற்கிறது. முதல் வேலையில் சம்பளச் சீட்டு இரண்டும் தலைகீழாக வந்தது. விண்ணப்பத்தில் வேறு பெயர்கள் எதையாவது பயன்படுத்தியதுண்டா என்று ஒரு கட்டம் இருக்கும். "நமக்கென்ன புனைபெயரா?" என்று காலியாக விட்டுவிட்டேன். நேர்காணலின் முதல் பத்து நிமிடம் அதற்கே போனது. ஒரு வெள்ளைத் தாளில் என் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர் எழுதி அம்புக்குறி போட்டுக் காட்டினேன். அவருக்கு அது பிடித்துப்போய், அந்தத் தாளையே கோப்பில் சேர்த்துக்கொண்டார். நீங்கள் எல்லா வடிவங்களையும் முதலிலேயே எழுதிவிடுங்கள்.

முகவரிச் சான்றிலும் ஒரு தடவை திரும்பி வந்தேன். கரண்ட் பில் மனைவி பெயரில், தண்ணீர் பில் வீட்டுக்காரர் பெயரில். தப்பு என்னுடையதுதான், ஆனால் அடுத்த தேதி கிடைக்க ஐந்து வாரம் ஆனது. உங்கள் பெயரில் இரண்டு பில் இருக்கிறதா என்று விண்ணப்பிக்கும் முன்பே பாருங்கள்.

அடுத்து, போக்குவரத்து அபராதம். ஐந்து வருடத்துக்குள் வாங்கிய டிக்கெட்டுகளைக் கேட்டிருந்தார்கள். நான் ஒன்று எழுதினேன். டெபுடியின் மேசையில் இருந்த தாளில் இரண்டு இருந்தன. 2021-இல் பேக்கர்ஸ்பீல்டு போகும் வழியில் வேகத்துக்காக வாங்கியது சுத்தமாக மறந்துபோயிருந்தது. "மறந்துவிட்டேன், மன்னிக்கவும், இப்போதே சேர்த்துக்கொள்கிறேன்" என்றேன். சேர்த்துக்கொண்டார். வேகமாக ஓட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் எழுதவில்லை என்பதைத்தான் கேட்டார். வாகனத் துறையான டிஎம்வியின் தளத்தில் உங்கள் ஓட்டுநர் பதிவைச் சொற்பக் கட்டணத்தில் எடுத்துவிடலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு படிவத்தை நிரப்புங்கள். கைது, நீதிமன்றத் தடை உத்தரவு, வீட்டுக்குப் போலீஸ் வந்த சம்பவம் எல்லாவற்றுக்கும் இதேதான். என் மகள் இரண்டு வயதில் போனை நோண்டி அவசர உதவி எண்ணான 911-ஐ அழுத்திவிட, ரோந்து வண்டி வீட்டுக்கு வந்தது. அதையும் சொன்னேன். சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். தெரிந்தே பொய் எழுதினால் அது தனிக் குற்றம். அதுபோக, அவர்கள் தெரியாமல் கேட்பதில்லை, பெரும்பாலும் தெரிந்துகொண்டுதான் கேட்கிறார்கள்.

இனி நான் வியர்த்த இடம். விண்ணப்பதாரர் பொதுவெளியில் போட்டிருப்பவற்றைப் பார்க்கவும் இந்தச் சட்டம் சொல்கிறது. டெபுடி கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். என் பேஸ்புக் படம். திருநெல்வேலிப் பக்கம் எங்கள் சுடலை மாடன் கோயில் கொடையில், நெற்றி நிறைய விபூதியும் கழுத்தில் மாலையுமாக, மூன்றடி அரிவாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். கண்கள் வேறு சிவந்திருக்கின்றன. "இதை விளக்க முடியுமா?"

குலதெய்வம் என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? எல்லைக் காவல் தெய்வம், அவர் கையில் அரிவாள் இருக்கும், நேர்ச்சைக்குச் செய்து வைத்தது, வருடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பிடிப்போம், யாரையும் வெட்டுவதற்கு இல்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கண் சிவந்தது ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு கேட்டதால். கேட்டுவிட்டு, "அப்படியானால் உங்கள் கோயிலுக்கு அவர்தான் செக்யூரிட்டியா?" என்றார். ஆமாம் என்றேன். அதோடு சரி. படத்தை முன்கூட்டியே நீக்கியிருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்று நண்பர் ஒருவர் சொல்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை. விளக்கம் சொல்ல முடிகிற எதையும் மறைக்க வேண்டாம். ஆனால் கோபத்தில் யாரையாவது "வெட்டிடுவேன்" என்று சினிமா வசனமாக எழுதிப் போட்டிருந்தால் அது வேறு கதை. மொழிபெயர்ப்புக் கருவிக்கு அது வசனம் என்று தெரியாது.

அடுத்து 'இப்படி நடந்தால்' கேள்விகள். கடையில் ஒருவன் கல்லாப் பணத்தை அள்ளிக்கொண்டு ஓடுகிறான், என்ன செய்வீர்கள்? போலீஸைக் கூப்பிடுவேன், கேமராப் பதிவைக் கொடுப்பேன். சுட மாட்டீர்களா? மாட்டேன், ஓடுகிறவனால் என் உயிருக்கு ஆபத்தில்லை. சாலையில் ஒருவர் காரை ஒட்டி வந்து கத்துகிறார், துப்பாக்கியைக் காட்டுவீர்களா? காட்டவே மாட்டேன், மிரட்டும் விதமாகக் காட்டுவதே இங்கே குற்றம். போலீஸ் வண்டியை நிறுத்தினால்? கை இரண்டும் ஸ்டீயரிங் மேல், கேட்டால் லைசென்ஸைக் காட்டுவேன். குடிப்பீர்களா? விசேஷங்களில் ஒரு பீர், அன்றைக்குத் துப்பாக்கி பெட்டகத்தில். இடுப்பில் துப்பாக்கி இருக்கும்போது ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது, பாருக்குள் நுழையவும் கூடாது. கஞ்சா பற்றியும் கேட்டார். கலிபோர்னியாவில் கடையிலேயே விற்கிறார்களே என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிடாதீர்கள். துப்பாக்கி விஷயத்தில் ஒன்றியச் சட்டம் அதை வேறு மாதிரி பார்க்கிறது.

வீட்டில் எங்கே வைப்பீர்கள் என்று கேட்டபோது "அலமாரியில்" என்று சொல்லி நிறுத்தியிருந்தால் என் கதை முடிந்திருக்கும். படுக்கையறைச் சுவரோடு போல்ட் போட்ட சின்னப் பெட்டகம், எண் பூட்டு, எண் தெரிந்தவர் நான் மட்டும் என்று சொல்லி, போனில் எடுத்த படத்தையும் காட்டினேன். பிள்ளைகள் உள்ள வீடு என்றால் இந்தக் கேள்வி நிச்சயம் வரும்.

நேர்காணல் அன்று துப்பாக்கியைக் கொண்டுபோகாதீர்கள். சொல்ல வேண்டுமா என்று நினைப்பீர்கள். எனக்கு முன்னால் வரிசையில் நின்றவர், "காரில் இருக்கிறது, கொண்டுவரட்டுமா?" என்று கேட்டார்.

உங்களை மட்டும் விசாரித்தால் போதாது. குறைந்தது மூன்று பேர் உங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டில் மனைவியோ கணவரோ கூட வசித்தால் அவரும் அதில் ஒருவராக இருக்க வேண்டும். என் மனைவிக்குப் போன் வந்தபோது நான் கடையில் இருந்தேன். கோபம் வருமா என்று கேட்டிருக்கிறார்கள். "கிரிக்கெட் பார்க்கும்போது டிவியைப் பார்த்துக் கத்துவார், ரிமோட்டை எறிந்ததில்லை" என்றிருக்கிறாள். வீட்டில் துப்பாக்கி இருப்பது உங்களுக்குச் சம்மதமா என்றதற்கு, "முழுச் சம்மதம் இல்லை, ஆனால் ராத்திரி பன்னிரண்டு மணி வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அதைவிடக் கஷ்டம்" என்று சொன்னாளாம். என்னிடம் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. மனைவிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தாதீர்கள். போன் வரும் என்று மட்டும் சொல்லி வையுங்கள், தெரியாத எண் என்று எடுக்காமல் விட்டுவிடப் போகிறார்கள்.

மீதிக் கதை சீக்கிரம் முடிந்துவிடும். லைவ் ஸ்கேன் என்ற கணினிக் கருவியில் கைரேகை, அப்புறம் குறைந்தது 16 மணி நேரப் பயிற்சி. அதில் பாதுகாப்பு, சட்டம் எல்லாம் உண்டு, மனநலம் பற்றி மட்டும் குறைந்தது ஒரு மணி நேரம், கடைசியில் உண்மையாகவே சுட்டுக் காட்ட வேண்டும். சில அலுவலகங்கள் மனநல மதிப்பீட்டுக்கும் அனுப்புகின்றன, என்னை அனுப்பவில்லை. லைசென்ஸில் எந்தத் துப்பாக்கி என்பது தொடர் எண்ணோடு இருக்கும். வேறொன்றை இடுப்பில் செருகிக்கொள்ள முடியாது. செல்லுபடி இரண்டு வருடம். பள்ளி, நீதிமன்றம், அரசு அலுவலகம், விளையாட்டுத் திடல் என்று எடுத்துப் போகக் கூடாத இடங்களின் பட்டியல் நீளம். வழிபாட்டு இடம் போன்ற சில இனங்கள் நீதிமன்றத்தில் இழுபறியாக இருப்பதால், வாங்கிய அன்று படித்த பட்டியலையே நம்பிக்கொண்டிருக்காமல் அவ்வப்போது பாருங்கள்.

கோயில் விஷயத்தில் நான் அந்தப் பட்டியலைப் பார்ப்பதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கிளம்பும்போது அது பெட்டகத்தில்தான் கிடக்கும். அங்கேதான் ஏற்கெனவே செக்யூரிட்டி இருக்கிறாரே.