செயலிப் பஞ்சம் ஒரு கைபேசித் தளத்தைக் கவிழ்க்குமா எனக் கணிப்பது எப்படி?

ஆண்ட்ராய்டும் ஐஓஎஸும் அல்லாத ஒரு கைபேசி இயங்குதளத்தை எடைபோட விரும்புவோர், அதன் செயலிக் கடையில் எத்தனை இலட்சம் செயலிகள் உள்ளன என்று எண்ணுவதை முதலில் விட்டுவிட வேண்டும்; 2007இல் ஐபோன் வந்தபோது அதற்குச் செயலிக் கடையே இல்லை, 2008 ஜூலையில்தான் அது திறக்கப்பட்டது.

மாறாக, நீங்கள் நாள்தோறும் தொடும் பத்துச் செயலிகளைத் தாளில் எழுதிக்கொண்டு, கடையில் ஒவ்வொன்றின் பக்கத்தையும் திறந்து, கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியைப் பாருங்கள். ஓராண்டாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் வங்கிச் செயலி, இல்லாத செயலியைவிட மோசமான அறிகுறியாகும்.

அடுத்து, குறைக்குக் காரணம் யார் என்பதைப் பிரித்தறிய வேண்டும். தனது கைபேசித் தளமான விண்டோஸ் ஃபோனுக்காக மைக்ரோசாஃப்ட் தானே எழுதிய யூடியூப் செயலியை 2013இல் கூகுள் முடக்கியது. இன்ஸ்டாகிராமோ அவ்வாண்டு நவம்பரில்தான் எட்டிப்பார்த்தது. ஆயினும், 2012இல் வெளிவந்த 8ஆம் பதிப்பைப் பழைய விண்டோஸ் ஃபோன் 7 கைபேசிகளுக்குத் தர மறுத்தது மைக்ரோசாஃப்டேதான். பணம் கொடுத்து வாங்கியவர்களை நட்டாற்றில் விட்ட அந்த முடிவையே நான் பெரிய பிழையாகக் கருதுகிறேன்.

விலையையும் மறவாதீர்கள். 2017இல் வாட்ஸ்அப் இல்லாமலேயே வந்த மலிவு விலை ஜியோஃபோன் ஏராளமாக விற்றது. பொத்தான் கைபேசியிலிருந்து அதற்கு மாறியவர்களுக்கு அந்தக் குறை இழப்பாகவே தோன்றவில்லை.