தொலை இயக்க ரோபோக்களுக்கு ஓர் ஆய்விதழ் தொடங்குவது எப்படி?

எந்தக் கட்டுரையை ஏற்க மாட்டீர்கள் என்பதை முதலில் ஒரு பத்தியில் எழுதிவிடுங்கள். பெயர், அட்டை, இணையதளம் எல்லாம் அதற்குப் பிறகு. மெய்நிகர் உண்மையும் தொலைவிலிருந்து இயக்கும் ரோபோக்களும் சந்திக்கும் இடத்துக்கென்று நான் ஓர் ஆய்விதழைத் தொடங்கியபோது, எல்லைக் குறிப்பின் கடைசியில் "தொடர்புடைய பிற துறைகளும்" என்று மூன்று சொற்களைச் சேர்த்தேன். அந்த மூன்று சொற்கள் வழியாகக் கணினி விளையாட்டு வடிவமைப்பும், மனிதக் கை படாமல் ஓடும் தொழிற்சாலை இயந்திரங்களும் வந்து குவிந்தன. அவற்றைப் படித்துச் சொல்ல ஆளில்லை. திருப்பி அனுப்புவதிலேயே மாதங்கள் கழிந்தன. இப்போது எங்கள் குறிப்பு இது: ஒரு மனிதர், அவருடைய கண்ணுக்கும் கைக்கும் முன்னால் ஒரு மெய்நிகர் இடைமுகம், வேறோர் இடத்தில் உண்மையான ஓர் இயந்திரம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் கட்டுரை வேறோர் இதழுக்கு உரியது.

எல்லையை வகுக்கும் முன் துறையின் பழைய ஏடுகளைப் புரட்டுவது அவசியம். கதிரியக்கப் பொருள்களைத் தொடாமலேயே கையாளுவதற்காக ரேமண்ட் கோர்ட்ஸ் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் இயந்திரக் கைகளை உருவாக்கினார். 1968இல் ஐவன் சதர்லாந்து தலையில் அணியும் காட்சிக் கருவியைக் காட்டினார். 1980இல் மார்வின் மின்ஸ்கி 'டெலிபிரசன்ஸ்', அதாவது தொலைவில் இருந்துகொண்டே அங்கே இருப்பதுபோல் உணர்ந்து செயல்படுவது, என்ற சொல்லைப் பரப்பினார். 1992இல் எம்ஐடி பிரஸ் தொடங்கிய 'பிரசன்ஸ்' இதழ் தொலை இயக்கிகளையும் மெய்நிகர் சூழல்களையும் தலைப்பிலேயே ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. ஆகவே நீங்கள் காலி மனையில் வீடு கட்டவில்லை. ஏற்கெனவே உள்ள இதழ்கள் எந்தக் கேள்வியைக் கேட்காமல் விடுகின்றன என்று உங்களால் சொல்ல முடிந்தால் மட்டுமே புதிய இதழுக்கு வேலை இருக்கிறது.

அடுத்தது ஆசிரியர் குழு. பெரிய பெயர்களைப் பட்டியலிடும் ஆசை எல்லோருக்கும் வரும், அதை அடக்குங்கள். நான் ஒவ்வொருவரிடமும் கேட்டது ஒன்றுதான்: ஆண்டுக்கு நான்கு கட்டுரைகளை முழுதாகப் படித்து எழுதித் தருவீர்களா? "பெயரை மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்று பெருந்தன்மையோடு சொன்னவர்களுக்கு நன்றி சொல்லி விட்டுவிட்டேன். தொடு உணர்வுக் கருவிகள், கட்டுப்பாட்டுப் பொறியியல், அறிதல் உளவியல், வலையமைப்பு ஆகிய நான்கிலும் தலா இருவராவது வேண்டும். இவர்களோடு, ஆழ்கடல் ரோபோக்களையோ அறுவை ரோபோக்களையோ அன்றாடம் இயக்குகிறவர்களில் ஓரிருவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் இதழுக்கு வாய்த்த மிகக் கூர்மையான மதிப்பாய்வுகளில் சில அவர்கள் எழுதியவை. சூத்திரத்தில் இருக்கும் பிழை அவர்கள் கண்ணில் படாமல் போகலாம். ஆனால், "இந்தக் கேமரா கோணத்தில் பிடியின் நுனியே தெரியாதே, பிறகு எப்படிக் குழாயைப் பிடித்தார்கள்?" என்று அவர்கள்தான் கேட்பார்கள்.

குழு உறுப்பினர்களின் சொந்தக் கட்டுரைகளால் இதழை நிரப்பக் கூடாது. எவரும் இலவசமாகப் படிக்கக்கூடிய திறந்த அணுகல் இதழ்களின் பட்டியலான டிஓஏஜே, ஓர் இதழில் ஆசிரியர்களும் குழுவினரும் மதிப்பாய்வாளர்களும் எழுதியவை 25 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்கிறது. முதல் இதழிலேயே இந்தக் கணக்கு இடிக்கும், முன்கூட்டியே எண்ணிக்கொள்ளுங்கள்.

இனி, என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி: எழுதுவோருக்கான நெறிமுறை. இந்தத் துறையில் ஆய்வின் உயிர் தாமதத்தில் இருக்கிறது. கை அசைந்த கணத்துக்கும், அந்த அசைவின் விளைவு கண்ணுக்குத் தெரியும் கணத்துக்கும் உள்ள இடைவெளி அது. தாமதம் கூடினால் மனிதர்கள் கொஞ்சம் நகர்த்திவிட்டு, நின்று பார்த்து, மறுபடி நகர்த்துவார்கள் என்பதை ஆய்வாளர்கள் ஷெரிடனும் ஃபெரெலும் 1963இலேயே காட்டிவிட்டார்கள். 2001 செப்டம்பரில் நியூயார்க்கில் இருந்த மருத்துவர்கள் ஸ்ட்ராஸ்பூர்க்கில் படுத்திருந்த நோயாளியின் பித்தப்பையை ரோபோ மூலம் அகற்றியபோது சராசரித் தாமதம் ஏறத்தாழ 155 மில்லி விநாடி. அந்த எண் இல்லாமல் அந்தச் சாதனையை யாரும் எடைபோட முடியாது.

எங்களுக்கு வந்த ஒரு கட்டுரையில் தாமதம் 40 மில்லி விநாடி என்று இருந்தது. எப்படி அளந்தீர்கள் என்று கேட்டோம். வலையமைப்பில் ஒரு சிறு தரவுப் பொட்டலம் போய்வரும் நேரத்தை எடுத்து எழுதியிருந்தார்கள். கேமரா படம்பிடிக்கும் நேரம், காணொளியைச் சுருக்கி விரிக்கும் நேரம், மோட்டார் அசையத் தொடங்கும் நேரம், ஹெட்செட் திரை புதுப்பிக்கும் நேரம் எதுவும் அந்த 40இல் சேரவில்லை. ஓர் எளிய வழியைச் சொன்னோம்: இயக்குபவரின் கையும் ஹெட்செட்டின் கண்ணாடிக்குள் தெரியும் காட்சியும் ஒரே சட்டகத்தில் விழும்படி, விநாடிக்கு 240 படங்கள் எடுக்கும் கேமராவை வையுங்கள்; கை அசைந்த படத்திலிருந்து திரையில் ரோபோவின் கை அசைந்த படம் வரை எண்ணுங்கள். எண்ணினார்கள். 58 படங்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 4.2 மில்லி விநாடி. மொத்தம் ஏறத்தாழ 242. கட்டுரையின் முடிவுரையை அவர்களே மாற்றி எழுதினார்கள். முன்பைவிட நல்ல கட்டுரையாக அது வெளிவந்தது. அன்றிலிருந்து, தாமதத்தை எங்கிருந்து எங்கு வரை, எந்த முறையில், எத்தனை தடவை அளந்தார்கள் என்று சொல்லாத கட்டுரையை மதிப்பாய்வுக்கே அனுப்புவதில்லை.

மனிதர்கள் பங்கேற்ற ஆய்வு என்றால் அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மெய்நிகர் காட்சியால் வரும் குமட்டலை அளக்க 1993இல் வந்த 16 அறிகுறிகள் கொண்ட வினாத்தாள் இருக்கிறது. பணிச்சுமையை அளக்க நாசாவின் ஆறு அளவுகோல்கள் 1988 முதல் பயன்பாட்டில் இருக்கின்றன. புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட இவற்றைக் கேளுங்கள். கட்டுரைகளை ஒப்பிட முடியும். தலைசுற்றிப் பாதியில் ஹெட்செட்டைக் கழற்றியவர்கள் எத்தனை பேர் என்பதையும் கட்டாயமாகக் கேளுங்கள். அவர்களை விட்டுவிட்டுச் சராசரி எடுத்தால் எந்தக் கருவியும் சுகமானதாகத் தெரியும். வெட்டி ஒட்டாத காணொளியையும் இயக்கப் பதிவுகளையும் ஜெனோடோ போன்ற பொதுக் களஞ்சியத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். வேகத்தை மாற்றிய காணொளியில் எத்தனை மடங்கு என்று திரையிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நிர்வாக வேலைகள் நீளமாகத் தோன்றினாலும் எளியவை. ஓபன் ஜர்னல் சிஸ்டம்ஸ் என்ற இலவச மென்பொருள் கட்டுரை பெறுவது முதல் வெளியிடுவது வரை அத்தனையையும் கவனித்துக்கொள்ளும். இதழின் அடையாளமான எட்டு இலக்க ஐஎஸ்எஸ்என் எண்ணை உங்கள் நாட்டு மையத்திடம் கேளுங்கள்; அச்சுக்கும் இணையத்துக்கும் தனித்தனி எண். ஒவ்வொரு கட்டுரைக்கும் நிலையான இணைய அடையாளமாக விளங்கும் டிஓஐ எண்களுக்கு, அவற்றைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் உறுப்பினராகலாம். கட்டுரை எழுதுவோரிடம், ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் ஆர்கிட் எண்ணைக் கேட்டுப் பதியுங்கள். உரிமம், எழுதியவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்னும் கிரியேட்டிவ் காமன்ஸின் மேற்கோள் உரிமமாக இருக்கட்டும். பதிப்புரிமை எழுதியவரிடமே இருக்கட்டும். கட்டணம் வாங்குவதானால் தொகையை முகப்பிலேயே போடுங்கள். வாங்காவிட்டால் அதையும் எழுதுங்கள். சர்வர் அணைந்தாலும் கட்டுரைகள் பிழைத்திருக்க, பல இடங்களில் நகல்களைச் சேமிக்கும் லாக்ஸ் போன்ற பாதுகாப்பு வலையமைப்பில் முதல் நாளே சேருங்கள்.

முதல் இதழுக்குக் கட்டுரை கேட்பது கடினமான வேலை. எந்தப் பட்டியலிலும் இல்லாத இதழில் எழுதுபவர் துணிந்துதான் எழுதுகிறார். குறிப்பாக, வேலை தேடும் இளம் ஆய்வாளர்கள். ஆய்விதழ்களைப் பட்டியலிடும் ஸ்கோப்பஸ் தரவுத்தளம் பரிசீலிக்கவே இரண்டு ஆண்டு வெளியீட்டு வரலாறு வேண்டும், டிஓஏஜேயோ ஆண்டுக்கு ஐந்து ஆய்வுக் கட்டுரைகளாவது எதிர்பார்க்கிறது என்ற உண்மையை அவர்களிடம் மறைக்காதீர்கள். "விரைவில் பட்டியலிடப்படும்" என்ற வரியை அழைப்பிதழில் சேர்க்கவே கூடாது. நீங்கள் வாக்களிக்கக் கூடியது வேறொன்று: எட்டு வாரத்துக்குள் இரண்டு கவனமான மதிப்பாய்வுகள். நான் அந்த வாக்கைக் காப்பாற்ற ஒவ்வொரு வெள்ளிக்கிழமை காலையும் நிலுவைப் பட்டியலைத் திறந்து, மூன்று வாரம் தாண்டியும் பதில் வராத மதிப்பாய்வாளருக்கு என் கையாலேயே மடல் எழுதுகிறேன். இரண்டாம் இதழுக்கான கட்டுரைகளில் பாதியாவது மதிப்பாய்வில் இருக்கும்போதுதான் முதல் இதழை வெளியிடுங்கள். நாங்கள் அப்படிச் செய்யாததால் முதல் இதழுக்கும் இரண்டாம் இதழுக்கும் நடுவே பதினோரு மாதம் விழுந்தது.