ஒஹையோவில் கல்லூரி ஃபுட்பால் பந்தயம்: புதிதாக வந்திருக்கும் தமிழர்களுக்கு

ஆகஸ்ட் கடைசியில் கொலம்பஸ் வந்து இறங்குபவர்களுக்கு முதல் சனிக்கிழமையே ஊர் சிவப்பாகத் தெரியும். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் மைதானத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் உட்காரலாம். லேபிலும் ஆபீஸிலும் திங்கட்கிழமைப் பேச்சு முழுக்க அந்த ஆட்டம்தான். அடுத்த வாரமே யாராவது ஒருவர் போனில் பெட்டிங் ஆப்பைக் காட்டி, "பத்து டாலர் போட்டுப் பாரு" என்பார். போடுவதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். ஆனால் அமெரிக்கக் குடிமகனான உங்கள் நண்பருக்கும் எஃப்-1 மாணவர் விசாவில் வந்திருக்கும் உங்களுக்கும் கணக்கு ஒன்றல்ல. அதை அவர் சொல்லித்தர மாட்டார், அவருக்கே தெரிந்திருக்காது.

சட்டம் எங்கே நிற்கிறது

விளையாட்டுப் பந்தயத்தைத் தடுத்த 1992ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2018 மே மாதம் ரத்து செய்தது. அதன்பின் முடிவு மாநிலங்களின் கையில். ஒஹையோவில் 2023 ஜனவரி 1 முதல் அனுமதி உண்டு. வயது 21 நிறைந்திருக்க வேண்டும். இளநிலை மாணவர்கள் பலருக்கு அந்த வயது வந்திருக்காது. அண்ணன் பெயரில் கணக்கு திறப்பதும், நண்பர் கணக்கில் போடச் சொல்லிப் பணம் அனுப்புவதும் விதிமீறல். கணக்கு முடக்கப்பட்டால் உள்ளே இருக்கும் பணமும் சேர்ந்து சிக்கும். கணக்கின் பெயரும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

மாநில எல்லையைத் தாண்டினால் விதி மாறும். டெக்சாஸ், கலிஃபோர்னியா, ஜார்ஜியாவில் சட்டப்படியான விளையாட்டுப் பந்தய ஆப்பே கிடையாது. நியூ ஜெர்சியிலும் நியூயார்க்கிலும் ஆப் உண்டு, ஆனால் அந்தந்த மாநிலக் கல்லூரி அணிகள் மீது போட முடியாது. நியூ ஜெர்சியின் எடிசனில் இருப்பவர் அந்த மாநிலத்தின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக அணி மீது போட வழியில்லை. ஒஹையோவில் உள்ளூர் அணி மீது போடலாம். ஆனால் ஒரு கல்லூரி வீரர் எத்தனை கெஜம் ஓடுவார், எத்தனை பாஸ் பிடிப்பார் என்பதன் மேல் போடும் பந்தயங்கள் 2024 மார்ச் 1 முதல் இங்கே தடை. வெளிநாட்டுத் தளம் ஒன்றிலோ வாட்ஸ்அப் புக்கியிடமோ அது கிடைக்கிறது என்றால், அவர்கள் உரிமம் இல்லாதவர்கள் என்று அர்த்தம். போனின் இருப்பிடத்தை ஆப் தொடர்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். விபிஎன் போட்டால் பந்தயம் ஏறாது.

இன்னொரு தடை நம் மாணவர்களுக்கு அடிக்கடி தட்டும். பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறையில் பகுதிநேர வேலை செய்தால், அதாவது வீரர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டியூட்டராகவோ, வீடியோ, டேட்டா பார்க்கும் உதவியாளராகவோ இருந்தால், கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி உங்களையும் கட்டும். எந்தக் கல்லூரியின் ஆட்டத்திலும் பந்தயம் கட்டக் கூடாது. "நம்ம பையனுக்குக் கால் வலியாம்" என்று வெளியே ஒருவரிடம் சொல்வதே விதிமீறலாக எடுத்துக்கொள்ளப்படும். விசா நிலை வேலையோடு பிணைந்தவர்களுக்கு இது பெரிய அபாயம்.

எண்களைப் படிப்பது

திரையில் ஒரு அணிக்கு -13.5, மறு அணிக்கு +13.5, இரண்டுக்கும் பக்கத்தில் -110 என்று இருக்கும். முதலாவது ஸ்ப்ரெட். பலமான அணி 14 புள்ளியோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் ஜெயித்தால்தான் அதன்மேல் போட்டவருக்குப் பணம். இரண்டாவது விலை: 100 டாலர் லாபம் பார்க்க 110 டாலர் வைக்க வேண்டும். யார் ஜெயிப்பார்கள் என்பதற்கு மட்டும் போடுவது மனிலைன். அதில் -150 என்றால் 150 வைத்து 100 லாபம், +130 என்றால் 100 வைத்து 130 லாபம். இரு அணியும் சேர்ந்து எடுக்கும் புள்ளி ஆப் சொல்லும் எண்ணைத் தாண்டுமா (ஓவர்), தாண்டாதா (அண்டர்) என்பது ஓவர்-அண்டர். ஓவர்டைம் புள்ளிகளும் சேரும். கல்லூரி ஆட்டத்தில் டிரா கிடையாது, அதனால் அண்டர் போட்டவர்கள் கடைசி நிமிடத்தில் மாட்டுவார்கள்.

புள்ளி வித்தியாசம் 3, 7 என்ற எண்களில் அதிகமாக விழும். பந்தைக் கம்பங்களுக்கு இடையே உதைக்கும் ஃபீல்ட் கோலுக்கு 3, பந்தை எதிரணியின் கடைசி எல்லைக்குள் கொண்டுபோகும் டச்டவுனும் கூடுதல் கிக்கும் சேர்ந்து 7. அதனால் -2.5க்கும் -3.5க்கும் உள்ள ஒரு புள்ளி, -10.5க்கும் -11.5க்கும் உள்ள ஒரு புள்ளியைவிட மதிப்பு அதிகம். ஸ்ப்ரெட் சரியாக -3 என்று இருந்து ஆட்டமும் 3 புள்ளியில் முடிந்தால் வைத்த பணம் திரும்பிவரும்.

செப்டம்பர் ஆட்டங்களில் ஸ்ப்ரெட் 35, 40 என்றெல்லாம் போகும். பலமான அணிதான் ஜெயிக்கும். ஆனால் நான்காம் கால்பகுதியில் பயிற்சியாளர் முக்கிய வீரர்களை உட்கார வைத்துவிடுவார், எதிரணி வெற்றிக்குப் பயனில்லாத ஒரு டச்டவுன் போடும், ஸ்ப்ரெட் கவிழும். சீசன் முடிந்தபின் டிசம்பரில் வரும் பௌல் ஆட்டங்களில் சிக்கல் வேறு மாதிரி: தொழில்முறை லீக்கான என்எஃப்எல் போகிறவர்களும் வேறு கல்லூரிக்கு மாறுகிறவர்களும் ஆடுவதில்லை. சீசன் முழுக்கப் பார்த்த அணியும் அன்றைக்கு இறங்கும் அணியும் ஒன்றாக இருக்காது. ஒஹையோ ஸ்டேட் ஆடும் பிக் டென் லீக்கின் ஆட்டங்களுக்கு யார் ஆடமாட்டார்கள் என்ற பட்டியல் தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வரும். வியாழக்கிழமையே போட்டவர்கள் அதைப் பார்க்காமல் போட்டவர்கள். பலமான அணியே தோற்பதும் உண்டு. 2024 நவம்பர் 30 அன்று கிட்டத்தட்ட 20 புள்ளி ஸ்ப்ரெட்டோடு சொந்த மைதானத்தில் இறங்கிய ஒஹையோ ஸ்டேட், மிச்சிகனிடம் 10-13 என்று தோற்றது. அதே அணிதான் ஜனவரியில் தேசியப் பட்டம் வென்றது.

மூன்று பந்தயங்களை ஒன்றாகக் கட்டும் பார்லேயை ஆப் முதல் பக்கத்தில் தள்ளும். ஒவ்வொன்றும் -110 என்றால் பத்து டாலருக்கு ஏறத்தாழ 60 டாலர் லாபம் தருவார்கள். பாதிக்குப் பாதி வாய்ப்புள்ள மூன்றும் சேர்ந்து நடப்பதற்கு நியாயமான லாபம் 70. அவர்கள் ஏன் விரும்பித் தள்ளுகிறார்கள் என்பது அந்தப் பத்து டாலர் வித்தியாசத்தில் இருக்கிறது. ஆப் இலவசமாகத் தரும் "போனஸ் பெட்" ஜெயித்தாலும் லாபம் மட்டும்தான் வரும், அந்தப் போனஸ் தொகை கையில் வராது. கிரெடிட் கார்டில் பணம் போடாதீர்கள். பல வங்கிகள் அதை ரொக்க முன்பணமாக எடுத்துக்கொண்டு தனிக் கட்டணமும் முதல் நாளிலிருந்தே வட்டியும் போடும்.

வரி: இங்கேதான் மாட்டுகிறார்கள்

எஃப்-1 மாணவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிச் சட்டப்படி குடியிருப்பாளர் அல்லாதவர். அவருடைய பந்தய வெற்றிக்கு 30 சதவீதம் வரி. தோற்ற பணத்தைக் கழிக்க அனுமதி இல்லை. சில நாட்டவருக்கு ஒப்பந்தம் மூலம் விலக்கு உண்டு. இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். -110 விலையில் பத்துப் பத்து டாலராக நூறு பந்தயம். பாதி ஜெயித்தால் சுமார் 45 டாலர் நஷ்டம். வரி இல்லாமல் சமாளிக்கவே 52.4 சதவீதம் ஜெயிக்க வேண்டும். 55 ஜெயித்தால் 500 வரவு, 450 செலவு, 50 டாலர் மிச்சம். இது பழகிய கை எடுக்கும் மிச்சம். ஆனால் எஃப்-1 மாணவருக்கு அந்த 500க்கும் வரி 150. ஐம்பது லாபம் நூறு நஷ்டமாகிறது. 60 ஜெயித்தாலும் கையைவிட்டுத்தான் போகும். 61க்கு மேல் ஜெயித்தால்தான் சமன், அதைத் தொடர்ந்து செய்பவர் யாருமில்லை என்றே சொல்லலாம். ஆகவே எஃப்-1 இல் இருக்கும்வரை பணம் பார்ப்பதற்காக இதில் இறங்காதீர்கள் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

ஆப் வரியைப் பிடிக்கவில்லை என்பதால் வரி இல்லை என்று ஆகாது. வெற்றித் தொகையை 1040-என்ஆர் படிவத்தின் என்ஈசி அட்டவணையில் காட்ட வேண்டும். டபிள்யூ-9 படிவத்தை ஏற்கச் சொன்னால் நில்லுங்கள். அது அமெரிக்க வரிக் குடியிருப்பாளர்களுக்கானது, நீங்கள் ஒப்பினால் பொய்யான அறிவிப்பு.

எச்-1பி வேலை விசாக்காரர்கள் பெரும்பாலும் குடியிருப்பாளர் கணக்கில் வருவார்கள். அவர்களுக்கும் தோல்வியைக் கழிக்க வேண்டுமானால் மொத்தமாக ஒரே தொகையாகக் கிடைக்கும் நிலையான கழிவை விட்டு, செலவுகளைத் தனித்தனியாகப் பட்டியலிட வேண்டும். 2026 முதல் தோல்வியில் 90 சதவீதம்தான் கழியும், அதுவும் வெற்றித் தொகைக்குள். வீட்டுக் கடன் இல்லாத பலருக்கு அந்தப் பட்டியலால் லாபமில்லை.

குடியுரிமை விண்ணப்பத்திலும் இது வரும். சட்டவிரோதச் சூதாட்டமே முக்கிய வருமானமாக இருந்தாலோ, இரண்டு சூதாட்டக் குற்றத் தீர்ப்புகள் இருந்தாலோ நன்னடத்தை இல்லை என்று மனு தடைபடும். அபார்ட்மெண்டில் எல்லோரிடமும் பணம் வாங்கி, தனக்குக் கமிஷன் எடுத்துக்கொண்டு பூல் நடத்துவது விளையாட்டல்ல. அதைச் செய்பவர் நீங்களாக இருக்க வேண்டாம்.

ஆப்பில் முதல் நாளே வாரத்துக்கு இவ்வளவு என்று வைப்பு வரம்பு போட்டுவிடுங்கள். கை கட்டுப்படவில்லை என்றால் ஒஹையோவின் உதவி எண் 1-800-589-9966. "டைம் அவுட் ஒஹையோ" திட்டத்தில் ஒரு வருடம், ஐந்து வருடம் அல்லது ஆயுள் முழுக்க உங்களை நீங்களே விலக்கிக்கொள்ளலாம். மாநிலத்தில் உள்ள எல்லா ஆப்களுக்கும் அது செல்லும். வீட்டுக்கு அனுப்பும் பணத்திலோ செமஸ்டர் கட்டணத்திலோ கை வைத்தவர்கள் அன்றைக்கே கூப்பிட வேண்டும்.

வேலை கிடைத்து டெக்சாஸின் டாலஸ் போகிறீர்கள் என்றால் அங்கே பந்தயம் போட முடியாது. பணத்தை எடுப்பதற்குப் பொதுவாகத் தடை இல்லை. ஆனாலும் கிளம்பும் முன்பே மீதியை எடுத்து, வருடக் கணக்கறிக்கையைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரலில் வரிப் படிவம் நிரப்பும்போது அது தேவைப்படும்.