வௌ்ளமா, வெள்ளமா? பழைய பாமினி ஃபைலை யூனிகோடுக்கு மாற்றும் வழி

பெரியப்பா வண்டிப்பெரியாரில் எஸ்டேட் வேலை பார்த்தவர். அங்கே தமிழ் வாசகசாலை நடத்திய கூட்டத்தில் அவரும் ஒருவர். 1990களின் கடைசியில் அவர்கள் ஒரு மலர் போட்டார்கள், டைப் அடித்ததும் அச்சடித்ததும் இங்கே கம்பத்தில். புத்தகத்தைக் கறையான் தின்றுவிட்டது, சிடி மட்டும் தப்பித்தது. போன ஓணத்துக்குக் குமுளி ஏறிப் போனபோது அதை என் கையில் கொடுத்து, "எல்லாரும் போன்ல படிக்கிற மாதிரி பண்ணிக் குடுடா" என்றார். நாலு பேருக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறவன்தானே, ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வாரம் இழுத்தது. அதில் இரண்டு வாரம் ஒரே ஒரு எழுத்தோடு மல்லுக்கட்டியது, அதனால்தான் இந்தப் பதிவு.

சிடியிலிருந்து டெக்ஸ்டை, வேர்டில் திறக்கிற ஆர்டிஎஃப் ஃபைலாக வெளியே எடுப்பது வரை உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை. திறந்து பார்த்தால் தமிழே இருக்காது. "தமிழ்" என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கும். பயப்பட வேண்டாம், ஃபைல் கெட்டுப்போகவில்லை. பாமினி மாதிரியான பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வரைந்து வைத்தவை. கம்ப்யூட்டருக்கு அது கடைசி வரை ஆங்கிலம்தான். அதை அப்படியே பிளாகில் போட்டால் தேடலிலும் வராது, போனிலும் தெரியாது. தமிழ் எழுத்துக்கென்றே தனி இடம் வைத்திருக்கிற யூனிகோடுக்கு, மாற்றி என்கிற மென்பொருளை வைத்து மாற்ற வேண்டும்.

முதல் வேலை, என்ன ஃபான்ட் என்று கண்டுபிடிப்பது. வேர்டில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் மேலே ஃபான்ட் பெட்டியில் பெயர் வரும், உங்கள் கணினியில் அந்த ஃபான்ட் இல்லாவிட்டாலும் வரும். பிடிஎஃப் என்றால் அதன் ப்ராப்பர்ட்டீஸில் ஃபான்ட்ஸ் என்று ஒரு பகுதி உண்டு, அங்கே பாருங்கள். பாமினி, டிஸ்கி, டாப், டாம் என்கிற பழைய முறைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று ஒட்டாதவை. மாற்றியில் தப்பான பெயரைத் தேர்ந்தெடுத்தால் வருவது எந்த மொழியிலும் சேராது.

இரண்டாவது, மாற்றுவதற்கு முன்பே ஆங்கிலத்தையும் எண்களையும் பிரித்து வைப்பது. நான் இதைச் செய்யாமல் மாட்டிக்கொண்டேன். மலரில் முல்லைப் பெரியாறு அணையைப் பற்றி நீளமான கட்டுரை ஒன்று உண்டு, பென்னிகுவிக், 1895, எல்லாம் வரும். எழுதியவர் நடுநடுவே டேம் என்பதை ஆங்கிலத்திலேயே சின்ன எழுத்தில் அடிக்கச் சொல்லியிருக்கிறார். அந்த மூன்று எழுத்தும் மாற்றியில் நுழைந்து "னயஅ" என்று வெளியே வந்தன. அணையின் நீளம் 1,200 அடி, அது "1இ200 அடி" ஆகிவிட்டது, ஏனென்றால் பாமினியில் காற்புள்ளிச் சாவிதான் இ. வேர்டின் ஃபைண்ட் பெட்டியில் ஃபான்ட் பெயரை வைத்தே தேடலாம். பாமினி அல்லாத ஃபான்டில் உள்ள துண்டுகளைத் தேடி மஞ்சள் பூசிவிடுங்கள், மாற்றிய பிறகு அந்த இடங்களை மட்டும் கையால் சரிசெய்தால் போதும்.

மாற்றுவதற்கு என் தேர்வு என்ஹெச்எம் கன்வெர்ட்டர். விண்டோஸில் நிறுவி நெட் இல்லாமலே ஓட்டலாம். இங்கே மழை பிடித்தால் நெட் போய்விடும், பாதிக் கட்டுரையில் நின்றுபோகிற இணைய மாற்றியை நம்பி உட்கார என்னால் முடியாது. உங்களுக்கு எது கைக்கு வருகிறதோ அதை எடுங்கள், ஆனால் அடுத்த பகுதியைப் படித்துவிட்டு.

பாமினியில் "கௌ" என்று அடிக்க முதலில் ஒற்றைக் கொம்பு, அப்புறம் க, அப்புறம் ள. "கெள" என்று அடிக்கவும் அதே மூன்று சாவி, அதே வரிசை. தாளில் பார்க்கிற மனிதனுக்குக் குழப்பமில்லை, மாற்றிக்கு இரண்டும் ஒன்று. அதனால் மாற்றிகளில் இரண்டு ஜாதி இருக்கின்றன. ஒன்று இந்த வரிசையைப் பார்த்த இடமெல்லாம் ௌ போடும். "வெள்ளம்" அதில் "வௌ்ளம்" ஆகும், "வெளியீடு" "வௌியீடு" ஆகும். இன்னொன்று எதையும் தொடாது, "கௌரவம்" அதில் "கெளரவம்" என்றே நிற்கும்.

நான் முதலில் பிடித்த இணைய மாற்றி முதல் ஜாதி. அணைக் கட்டுரையில் வெள்ளம் என்ற சொல் இரண்டு அர்த்தத்தில் வரும். ஆற்றில் பெருக்கெடுத்தது ஒன்று, எஸ்டேட் லயத்துக் குழாயில் குடிக்க வந்தது இன்னொன்று, மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர்தானே. ஆக நாற்பது ஐம்பது வௌ்ளம். பார்த்ததும் வெறுத்துப்போய் இரண்டாம் ஜாதிக்கு மாறினேன். அதில் வெள்ளம் சரியாக வந்தது, கெளரவம், மெளனம், பெளர்ணமி எல்லாம் கோணல். சரி, "கெள" இருக்கிற இடமெல்லாம் "கௌ" என்று ஒரே அடியாக ரீப்ளேஸ் கொடுத்தேன். பெரியப்பா மீன்பிடிப்பதைப் பற்றி எழுதிய பக்கத்தில் "கெளுத்தி" எல்லாம் "கௌுத்தி" ஆகிவிட்டது. அதைக் கவனிக்காமல் ஃபைலை மூடியும் விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துத்தான் புத்தி வந்தது. அசிங்கமாகத் தெரிகிற முதல் ஜாதிதான் சுலபமாகத் திருத்தக்கூடியது. ௌ என்ற குறிக்குப் பின்னால் புள்ளியோ காலோ சுழியோ தமிழில் வரவே முடியாது. அப்படி வந்திருந்தால் அது நிச்சயமாகத் தப்பு, யோசிக்காமல் மாற்றலாம். ௌ், ௌா, ௌி, ௌீ என்று நான்கே நான்கு. ளு, ளூ இரண்டுக்கும் பாமினியில் தனி உருவம் இருப்பதால் கெளுத்திக்கு ஆபத்து இல்லை.

ரீப்ளேஸை வேர்டில் செய்யாதீர்கள், நோட்பேட் பிளஸ் பிளஸில் செய்யுங்கள். குறியைத் தனியாக அடித்தால் புள்ளி வட்டம் வந்து பயமுறுத்தும், அதனால் எழுத்தோடு சேர்த்துத் தேடுங்கள்: "வௌ்" என்பதை "வெள்", "வௌி" என்பதை "வெளி", "தௌி" என்பதை "தெளி", "தௌ்" என்பதை "தெள்". தேட வேண்டியதைக் கையால் அடிக்காமல் ஃபைலிலிருந்தே காப்பி செய்துகொள்ளுங்கள். எனக்குப் பத்துக்கும் குறைவான ரீப்ளேஸில் மலர் முழுக்க முடிந்தது.

அப்புறம் கால். பழைய ஃபான்ட்களில் ர-வும் காலும் ஒரே மாதிரி இருந்ததால், அவசரத்தில் அடித்தவர் காலுக்குப் பதில் ர போட்டிருப்பார். "பாலம்" என்று கண்ணுக்குத் தெரிந்தது மாற்றியபின் "பரலம்" என்று நிற்கும். இதற்கு மருந்து இல்லை, வாய்விட்டுப் படிக்க வேண்டும். நான் படிக்கவில்லை, பெரியப்பா படித்து போன் பண்ணினார்.

சேமிக்கும்போது என்கோடிங் என்ற இடத்தில் யுடிஎஃப்-8, யூனிகோடைச் சேமிக்கிற முறை அது. பழைய விண்டோஸ் நோட்பேட் தானாக ஏஎன்எஸ்ஐ என்ற பழைய முறையில் சேமித்து, தமிழ் முழுவதையும் கேள்விக்குறியாக்கிவிடும். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்பிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. பிளாகில் ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி.

சேர்க்கை: ஏன் ஷிஃப்ட் என்று ஒருவர் கேட்டிருந்தார். வேர்டிலிருந்து சாதாரணமாக ஒட்டினால் பாமினி என்ற ஃபான்ட் பெயரும் பக்கத்துக்குள் ஒட்டிக்கொண்டு வரும். உங்களிடம் அந்த ஃபான்ட் இல்லையென்றால் எந்த வித்தியாசமும் தெரியாது. பாமினி நிறுவியிருக்கும் அச்சகத்துக் கணினியில் திறந்தால், நீங்கள் பாடுபட்டு மீட்ட ஆங்கிலச் சொற்கள் மறுபடி தமிழ்க் கிறுக்கலாகத் தெரியும். அவர் அச்சகத்தில்தான் வேலை பார்க்கிறாராம்.

இன்னொரு சேர்க்கை: செங்கோட்டைப் பக்கமிருந்து ஒரு வாசகர் தன் ஊர்ப் பேச்சில் எழுதிய கதைகளை மாற்றியிருக்கிறார். "வெளக்கு", "வெளங்காதவன்" எல்லாம் "வௌக்கு", "வௌங்காதவன்" ஆகி என் நான்கு விதியிலும் சிக்காமல் தப்பிவிட்டன. நியாயம்தான், அங்கே ள-வுக்குப் பின்னால் குறியே இல்லை. பேச்சுவழக்கு இருக்கிற ஃபைலென்றால் "வௌ" என்று தேடி ஒவ்வொன்றாகப் பாருங்கள், எழுத்துத் தமிழில் அப்படித் தொடங்குகிற சொல் வௌவாலை விட்டால் எனக்கு எதுவும் அகப்படவில்லை.

ஸ்ரீ தேடினால் பாதிதான் கிடைக்கிறது என்று எழுதியவருக்கு: அந்த எழுத்தை யூனிகோடில் ஸ வைத்தும் அமைக்கலாம், 2005-இல் சேர்த்த ஶ வைத்தும் அமைக்கலாம், பல ஃபான்டில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். கோவில் மலர் என்றால் ஏதாவது ஒன்றுக்கு எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். நான் ஸ-வை வைத்துக்கொண்டேன்.