மார்கழியில் நுவரெலியாவில் தங்கப் போகிறவர்களுக்கு

கொழும்பு வெயிலில் நின்றுகொண்டு சுவெற்றர் வாங்க யாருக்கும் மனசு வராது, ஆனாலும் புறக்கோட்டை நடைபாதைக் கடைகளில் ஒன்றைப் பார்த்து வாங்கிவிடுங்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர், ராத்திரியில் 10 பாகை செல்சியசுக்குக் கீழேயும் போகும். ரயில் என்றால் நானுஓயாவில் இறங்கி பஸ் பிடிக்க வேண்டும். அறை பார்க்கும்போது முதலில் சுடுதண்ணி வருமா என்று கேளுங்கள். ஜன்னல் காட்சியெல்லாம் அப்புறம், எப்படியும் பாதி நேரம் மூடுபனிதான் தெரியும். கழுவிய உடுப்பு லேசில் காயாது, காலுறை கூடுதலாக எடுத்து வையுங்கள். தேங்காய் எண்ணெய் போத்தலுக்குள்ளேயே உறைந்துவிடும், சுடுதண்ணியில் கொஞ்ச நேரம் வைத்தால் சரி. ஒன்று மட்டும் கண்டிப்பாக வேண்டாம்: கதவை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி மூட்டிக் குளிர்காய்வது, அதில் வரும் கார்பன் மொனொக்சைட்டுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே ஆளைக் கொன்றுவிடும்.