தெருப் புகைப்படம்: தருணத்தை நழுவவிடும் தவறுகள்

மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் மாட வீதியில் கேமராவோடு நிற்பவர்களைக் கவனித்துப் பாருங்கள். பல்லக்கு கடக்கும்போது அவர்களில் பலர் கேமராவின் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளம்பும் முன்பே முடித்திருக்க வேண்டிய செட்டிங் வேலையைச் சம்பவம் நடக்கும் நொடியில் செய்வதால்தான் பெரும்பாலான படங்கள் கைவிட்டுப் போகின்றன.

லென்ஸின் துளையை எப்போதும் எஃப் 1.8இல் (எண் சிறியதானால் துளை பெரியது, தெளிவாக விழும் ஆழம் குறைவு) திறந்து வைத்திருப்பதைத்தான் முதல் தவறாகச் சொல்வேன். பின்னணி மங்கினால் தொழில்முறைப் படம் என்று ஒரு நம்பிக்கை. தெருவில் பின்னணிதானே பாதிக் கதை? பூக்காரம்மா தெரிவார், அவர் யாரிடம் பேரம் பேசுகிறார் என்பது தெரியாது. போதாக்குறைக்கு, ஆள் ஓரடி நகர்ந்தாலே ஃபோகஸ் போய்விடும். பகலில் எஃப் 8 போதும். ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் உள்ள கேமராவில் 18 மி.மீ. லென்ஸை எஃப் 8இல் வைத்து, ஃபோகஸைக் கையால் 2 மீட்டரில் நிறுத்திவிட்டால், ஏறக்குறைய 1 மீட்டரிலிருந்து தெருக்கோடி வரை தெளிவாக விழும். ஸோன் ஃபோகஸிங் என்பது இதுதான். ஆட்டோஃபோகஸ் யாரைப் பிடிக்குமோ என்ற கவலை இல்லை. 50 மி.மீ. லென்ஸில் இந்தச் சௌகரியம் இவ்வளவு கிடைக்காது.

அப்புறம் ஐஎஸ்ஓ பயம், அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனைக் கூட்டப் பயப்படுவது. 400ஐத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தால், நிழலான சந்தில் ஷட்டர் வேகம் 1/60 நொடிக்கு இறங்கி, நடப்பவர்கள் கலங்கிப்போவார்கள். புள்ளிபுள்ளியாகத் தெரியும் நாய்ஸை மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். அசைவில் கலங்கிய முகத்தை அப்படி மீட்க முடியாது. ஆட்டோ ஐஎஸ்ஓ போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/500, ஐஎஸ்ஓ உச்ச வரம்பு 6400 என்று கொடுத்துவிட்டு மறந்துவிடுங்கள்.

அதற்காக, 'தருணம்தான் முக்கியம்' என்று கலங்கிய படத்தையெல்லாம் நியாயப்படுத்துவதும் சரியில்லை. 1932இல் பாரிஸின் சான் லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் எடுத்த படத்தில், தேங்கிய தண்ணீரைத் தாவும் மனிதர் கலங்கித்தான் இருக்கிறார். வேலி இடுக்கு வழியாக எடுத்ததால் ஓரத்தை வேறு வெட்ட வேண்டியிருந்தது. ஆனால் குதிகாலுக்கும் தண்ணீருக்கும் நடுவே உள்ள அந்த மயிரிழை இடைவெளி பளிச்சென்று தெரிகிறது. பின்சுவர் போஸ்டரில் ஒரு நடனக்காரர் அதேபோல் தாவுகிறார். கலங்கல் அங்கே வேகத்தைக் காட்டுகிறது. உங்கள் படத்தில் பார்வையாளர் எதைப் பார்க்க வேண்டுமோ அதுவே கலங்கியிருந்தால், தாராளமாக ஒதுக்கிவிடலாம்.

ஒதுக்குவதை வீட்டுக்கு வந்த பிறகு செய்யுங்கள். தெருவிலேயே அழிப்பவர் அடுத்த படத்தையும் சேர்த்து இழக்கிறார். அமெரிக்கத் தெருப் புகைப்படக்காரர் கேரி வினோகிராண்ட் ஃபிலிமைக் கழுவாமல் நீண்ட நாள் போட்டுவைப்பார். 1984இல் அவர் இறந்தபோது கழுவாத ரோல்களே சுமார் 2,500 இருந்தன. அவ்வளவு தூரம் போக வேண்டாம், ஒரு வாரம் ஆறப்போட்டாலே போதும்.

போனில் எடுப்பவர்கள் ராத்திரியில் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல ஃபிரேம்களைச் சேர்த்து ஒரு படம் செய்வதால், கட்டடம் அருமையாக வரும், நடப்பவர் புகைபோல வருவார்.