பழைய ட்ரில்லிங் வாங்கப் போகிறீர்களா? முதலில் குழலைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள்

நான் வாங்கிய முதல் ட்ரில்லிங்கின், அதாவது மூன்று குழல் வைத்த வேட்டைத் துப்பாக்கியின், பக்கத் தகட்டில் ஓர் ஆண்மான் தலையைத் திருப்பிப் பார்த்தபடி நிற்கும். சுற்றிலும் ஓக் இலை வேலைப்பாடு. தேன் நிறத்தில் வால்நட் கட்டை. அந்த மானைப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்து குழலைக் கழற்றி, மேசை விளக்கடியில் கவிழ்த்தபோதுதான் தெரிந்தது, அது 9.3×72 ஆர் தோட்டா போடுகிற துப்பாக்கி என்று. ஜெர்மனியில் அந்தத் தோட்டாவைக் கொண்டு காட்டுப்பன்றியைச் சுடச் சட்டம் விடாது. நான் வாங்கியதோ பன்றிக்காக.

விற்றவர் மேல் தப்பில்லை, அவர் எதையும் மறைக்கவில்லை. எனக்குத்தான் கேட்கத் தெரியவில்லை. ஜெர்மனியில் புதிதாக வேட்டை உரிமம் வாங்கிவிட்டு, முதல் துப்பாக்கியாகப் பழைய கூட்டுத் துப்பாக்கி ஒன்றைத் தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எதை வாங்குகிறோம்?

ஒற்றைக் குண்டு சுடும், உள்ளே மரை (சுருள் வரி) வெட்டிய ரைஃபிள் குழலும், ரவை எனும் பொடிக் குண்டுகளைச் சுடும் மரையில்லாத ரவைக் குழலும் ஒரே துப்பாக்கியில் இருந்தால் அது கூட்டுத் துப்பாக்கி. பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ரவைக் குழல், அடியில் ஒரு ரைஃபிள் குழல் என்றால் ட்ரில்லிங். மேலும் கீழுமாக ஒவ்வொன்று என்றால் போக்பூக்ஸ்ஃப்ளின்டே. வேட்டைக்காரர்கள் அதைச் சுருக்கி 'பேபேஎஃப்' என்பார்கள். நாலு குழல் வைத்த ஃபியர்லிங் கூட உண்டு. அது அழகுதான், ஆனால் முதல் துப்பாக்கியாக வேண்டாம்.

காட்டில் வேட்டைப் பரணில் உட்கார்ந்திருக்கிறோம். நரி வருமா, ரோ மான் எனும் சிறு மான் வருமா, பன்றி வருமா என்று யாருக்குத் தெரியும்? எது வந்தாலும் கையில் அதற்கான குழல் இருக்க வேண்டும் என்பதற்காகப் பிறந்த துப்பாக்கி இது. புதிதாக வாங்கினால் பல ஆயிரம் யூரோ ஆகும். ஆனால் வயதான வேட்டைக்காரர்கள் விட்டுப்போன நல்ல துப்பாக்கிகள் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கே கிடைக்கின்றன.

படி 1: முதலில் காகிதம்

செல்லுபடியாகும் யாக்ட்ஷைன், அதாவது வேட்டை உரிமம், கையில் இல்லாமல் துப்பாக்கியைப் பார்க்கவே போகாதீர்கள். ஆண்டு உரிமம் இருந்தால் நீள் துப்பாக்கி வாங்க முன் அனுமதி தேவையில்லை. வாங்கிய 2 வாரத்துக்குள் உங்கள் ஆயுத அட்டையில் பதிவுசெய்ய விண்ணப்பித்துவிட வேண்டும். பெட்டகமும் முன்பே வேண்டும். 2017 ஜூலைக்குப் பிறகு புதிதாக வாங்கும் பெட்டகம் ஐரோப்பியப் பாதுகாப்பு வரிசையில் குறைந்தது '0' என்ற தரமாக இருக்க வேண்டும்.

படி 2: தோட்டாவை முடிவு செய்யுங்கள், பிறகு துப்பாக்கியைத் தேடுங்கள்

நான் தலைகீழாகச் செய்தது இதைத்தான். ஜெர்மன் வேட்டைச் சட்டப்படி ரோ மானுக்கு 100 மீட்டரில் குறைந்தது 1000 ஜூல் ஆற்றல் வேண்டும். பன்றி, செம்மான் போன்ற மற்ற குளம்பு விலங்குகளுக்கு 6.5 மி.மீ. விட்டமும், 100 மீட்டரில் 2000 ஜூலும் வேண்டும். 9.3×72 ஆர் பார்க்க விரல் நீளத்துக்கு மிரட்டலாக இருக்கும். ஆனால் கரிமருந்துக் காலத்து வடிவம், 100 மீட்டரில் 2000 ஜூலைத் தொடாது. ரோ மானோடு சரி.

முதல் முறை வாங்குகிறவர் 7×57 ஆர், 7×65 ஆர், 8×57 ஐ.ஆர்.எஸ்., 9.3×74 ஆர் இந்த நான்கில் ஒன்றைத் தேடினால் போதும். நான்குக்கும் தோட்டா இன்றும் வருகிறது. பெயரில் முதல் எண் குண்டின் விட்டம், இரண்டாவது தோட்டாக் கூட்டின் நீளம், இரண்டும் ஏறக்குறைய மி.மீ. கணக்கில். 'ஆர்' என்பது அந்தக் கூட்டின் அடியில் உள்ள விளிம்பைக் குறிக்கும். மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் அந்த விளிம்பைப் பிடித்துத்தான் கூடு வெளியே தள்ளப்படும்.

படி 3: அடியில் உள்ள முத்திரைகள்

இங்கே அவசரப்படாதீர்கள். முன்கட்டையை, அதாவது குழலுக்கு அடியில் கை தாங்கும் மரத்தை, கழற்றி, குழலைப் பிரித்து, துணி மேல் கவிழ்த்து வையுங்கள். ஒரு சிறு டார்ச், ஒரு பூதக்கண்ணாடி. தோட்டா அறைக்குக் கீழே தட்டையான பகுதியில் பொடிப்பொடியாக முத்திரைகள் இருக்கும். வேலைப்பாடு எதையும் சொல்லாது, இந்தப் பொடி எழுத்துகள் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

முதலில் 'என்' என்ற எழுத்தைத் தேடுங்கள். பழையதில் கிரீடத்துக்குக் கீழே இருக்கும், 1940-க்குப் பிந்தையதில் கழுகுக்குக் கீழே. இன்றைய தோட்டாக்களில் உள்ள புகையற்ற வெடிமருந்துக்குச் சோதனை நிலையத்தில் சோதித்தார்கள் என்று அர்த்தம். 'என்' இல்லாவிட்டால் இன்றைய தோட்டாவை உள்ளே போடக் கூடாது. சுவரில் மாட்டலாம்.

அடுத்து ஒரு வட்டத்துக்குள் 12 அல்லது 16 என்று இருக்கும். அது ரவைக் குழலின் அளவு. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய துப்பாக்கியில் 70 என்று தனியாகக் குறிக்காவிட்டால் தோட்டா அறை 65 மி.மீ. என்றே எடுத்துக்கொள்ளுங்கள். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. கடையில் கிடைக்கும் 70 மி.மீ. தோட்டா 65 அறைக்குள் தடங்கலே இல்லாமல் போய்விடும். ஏனென்றால் 70 என்பது வெடித்து வாய் விரிந்த பிறகான நீளம். உள்ளே விரிய இடமில்லாமல் வாய் குறுகலில் சிக்கும், அழுத்தம் எகிறும். 'உள்ளே போகுதே, அப்புறம் என்ன?' என்று யாராவது சொன்னால் அவரிடம் வாங்காதீர்கள். 65 மி.மீ. தோட்டா இன்றும் கிடைக்கிறது, அதைத் தேடி வாங்கலாம். அறையை 70-க்கு நீட்டினால் சோதனை நிலையத்தில் மறுபடியும் முத்திரை வாங்கியாக வேண்டும்.

மூன்றாவது, 8 மி.மீ. விவகாரம். 8×57 ஐ.ஆர். என்றால் குண்டின் விட்டம் 8.08 மி.மீ., ஐ.ஆர்.எஸ். என்றால் 8.20 மி.மீ. ஓர் எழுத்துதான் வித்தியாசம். ஆனால் பெரிய குண்டைச் சின்னக் குழலில் திணிப்பது விளையாட்டில்லை. போருக்கு முந்தைய ட்ரில்லிங்குகளில் பெரும்பாலும் 'எஸ்' இருக்காது. முத்திரை தேய்ந்திருந்தால் துப்பாக்கிக் கம்மியரிடம் கொடுத்துக் குழலை அளக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வயது. சூல் நகரில் செய்த பழையவற்றில் மாதமும் ஆண்டும் எண்ணாகவே இருக்கும்: '7 36' என்றால் 1936 ஜூலை. மேற்கு ஜெர்மனித் துப்பாக்கிகளில் இரண்டு எழுத்துகள் இருக்கும். ஏ 0, பி 1, சி 2 என்று போய் ஹெச் 7, ஐ 8, கே 9. 'ஹெச்.டி.' என்றால் 1973.

இதோடு பெயரையும் பாருங்கள். துரிங்கியாவில் உள்ள சூல் நகரம்தான் இந்தக் கலையின் தாய்வீடு. 1751-இல் தொடங்கிய சாவர் நிறுவனம் அங்கேதான் பிறந்தது, போருக்குப் பிறகு வடக்கே எக்கர்ன்ஃபோர்டேவுக்குப் போனது. கிரீகாஃப் உல்முக்குப் போனது, மெர்க்கல் சூலிலேயே தங்கியது. மூன்றுமே நம்பி வாங்கலாம். 1941-42-இல் ஜெர்மன் விமானப்படைக்காகச் சாவர் செய்த ட்ரில்லிங் எப்போதாவது கண்ணில் படும். விலை சேகரிப்பவர்களுக்கானது. பரணுக்கு வேண்டாம்.

படி 4: ஆட்டு, தட்டு, பார்

முன்கட்டையை மாட்டாமல் துப்பாக்கியை மூடி, கட்டையை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். முன்கட்டையின் வில் இறுக்கம் ஆட்டத்தை மறைத்துவிடும், அதனால்தான் கழற்றச் சொல்கிறேன். லேசாக 'டக்' என்று கேட்டாலும் பழுது பார்க்கும் செலவை விலையில் கழியுங்கள்.

பிறகு குழலின் அடியில் உள்ள கொக்கியில் விரல் மாட்டித் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டுங்கள். கோயில் மணி போலக் கணீரென்று இழுத்தால் பற்றாசு உறுதியாக இருக்கிறது. ஓட்டைச் சட்டியைத் தட்டியதுபோல் கரகரத்தால் குழல்களுக்கு இடையில் பற்று விட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யும் காசில் இன்னொரு துப்பாக்கி வாங்கிவிடலாம்.

குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். ரவைக் குழலில் வளையம் போல நிழல் விழுந்தால் உப்பல். கட்டையில், கை பிடிக்கும் மெல்லிய கழுத்துப் பகுதியில் மயிரிழை விரிசல் இருக்கிறதா பாருங்கள். திருகுகளின் வெட்டுகள் சிதைந்திருந்தால் யாரோ சமையலறை ஸ்க்ரூடிரைவரோடு உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம்.

படி 5: விசையும் நழுவியும்

சாதாரண இரட்டைக் குழல் துப்பாக்கியில் கட்டைவிரலுக்குக் கீழே உள்ள நழுவி, அதாவது முன்னும் பின்னும் தள்ளும் பொத்தான், பாதுகாப்புப் பூட்டு. பழைய ட்ரில்லிங்கில் அது பூட்டே இல்லை! முன்னால் தள்ளினால் ரைஃபிள் குழல் தேர்வாகும், குறிபார்க்கும் தகடு தானாக நிமிரும், இரண்டு விசைகளில் முன் விசை இனி குண்டைச் சுடும். உண்மையான பூட்டு பெரும்பாலும் கட்டையின் இடப்பக்கத்தில் இருக்கும். இதைக் கைக்குப் பழக்காமல் காட்டுக்குப் போகாதீர்கள். புதிய மாதிரிகள் சிலவற்றில் அதே இடத்தில் சுடும் வில்லைக் கையால் இறுக்கும் நழுவி இருக்கும், அது இன்னும் பாதுகாப்பானது.

முன் விசையை முன்னால் தள்ளினால் 'கிளிக்' என்று மென்விசையாக மாறும். பிறகு தொட்டாலே போதும். வெறும் துப்பாக்கியில் பயிற்சித் தோட்டாக்களைப் போட்டு, மென்விசையை வைத்து, கட்டையின் அடியை உள்ளங்கையால் தட்டுங்கள். தானாக விழுந்தால் கம்மியரிடம் போகாமல் அதைத் தொடக் கூடாது.

படி 6: தொலைநோக்கி

பழைய ட்ரில்லிங்குகளில் பெரும்பாலும் சூல் கொக்கி மாட்டுதான் இருக்கும். நகம் போன்ற கால்கள், அந்த ஒரு துப்பாக்கிக்கென்று கையால் அரம் போட்டவை. வேறு தொலைநோக்கி மாற்றுவது விலையுள்ள கைவேலை. அதனால் மேலே இருக்கும் கண்ணாடி மங்கலா, ஓரத்தில் பால்போலப் படர்ந்திருக்கிறதா என்று மாலை மங்கும் நேரத்தில் பாருங்கள். பகலில் எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான்.

படி 7: சுட்டுப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்

100 மீட்டரில் குளிர்ந்த குழலில் ஒரு குண்டு. பத்து நிமிடம் காத்திருங்கள். தொலைநோக்கியைக் கழற்றி மாட்டி, இன்னொன்று. மறுபடியும் அதே. மூன்றும் ஒன்றுக்கொன்று அருகில் விழுந்தால் வாங்கலாம்.

தொடர்ந்து மூன்று சுட்டுவிட்டு, 'மேலே ஏறுதே' என்று குறை சொல்லாதீர்கள். குழல்கள் ஒன்றோடொன்று பற்றவைத்தவை. சூடேறிய ரைஃபிள் குழல் நீளப் பார்க்கும், குளிர்ந்த ரவைக் குழல்கள் அதைப் பிடித்து வளைக்கும், குறி நகரும். பரணில் உங்களுக்கு வேண்டியது முதல் குண்டுதான்.

ரவை சீராகப் பரவுகிறதா என்று 35 மீட்டரில் 16 கட்டப் பலகையில் சுட்டுப் பாருங்கள். இறுகிய சோக் (குழல் வாயின் குறுக்கம்) உள்ள பழைய குழலில் எஃகு ரவை போடக் கூடாது. 2023 பிப்ரவரியிலிருந்து ஈர நிலங்களில் ஈய ரவைக்குத் தடை இருப்பதால், வாத்துக்குப் போகிறவர் பிஸ்மத் தோட்டாவின் விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரைஃபிளுக்கும் ஈயமில்லாத குண்டையே சோதியுங்கள். பல மாநிலங்களில் அதுதான் கட்டாயம், பழைய குழல்கள் சில அதை ஏற்பதில்லை.

படி 8: கைமாற்று

விற்பவர் உங்கள் உரிமத்தின் அசலைக் கேட்பார். கேட்காதவரிடம் வாங்காதீர்கள். தேசிய ஆயுதப் பதிவேட்டு எண்களை இருவரும் பரிமாறிக்கொண்டு, தோட்டா அளவையும் வரிசை எண்ணையும் ஒப்பந்தத்தில் முத்திரையில் உள்ளபடியே எழுதுங்கள். '8×57' என்று மட்டும் எழுதினால் போதாது, கடைசி எழுத்து வரை வேண்டும். தோட்டா நீக்கி, பூட்டிய பையில் வைத்து நேரே வீட்டுக்கு. அடுத்த வேலைநாளே விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள், 2 வாரம் கண்மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும்.